தேவார வகுப்பு சர்வரைக் கோயில் ஆபீஸில் வைக்க வேண்டாம்



வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேச்சுக்கு வரப்போகிற ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கூட்டத்தில் ஆளுக்கு மூணு நிமிஷம்தான் மைக் கிடைக்கும். இது மூணு நிமிஷத்தில் அடங்காது. அதனால் இங்கே நீட்டமா எழுதுறோம், கோவிச்சுக்காதீங்க.

வியாழக்கிழமை ராத்திரி 8 மணிக்குப் போன் வழியா தேவார வகுப்பு நடக்குதில்லையா, அதுக்குக் கோயிலே சொந்தமா ஒரு குரல் சர்வர் வைக்கணும். இதில் நிர்வாகத்துக்கும் தொண்டர்களான எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு. ஆபீஸில் அன்பர் ஒருவர் கொடுத்த பழைய கணினி சும்மா கிடக்கு, வைஃபை இருக்கு, அதிலேயே போட்டுடலாம், செலவே இல்லை என்று நிர்வாகத்தில் பலர் நினைக்கிறாங்க. வேண்டாம், வெளியே ஒரு சின்ன சர்வரை மாத வாடகைக்கு எடுங்கள் என்று நாங்கள் சொல்றோம். சின்னப் பசங்க புதுசா ஏதோ வாங்கிப் பார்க்க ஆசைப்படுறாங்க என்று ஒரு பேச்சு எங்கள் காதுக்கும் வந்தது. வாங்குறதுக்கு இதில் ஒரு சாமானும் இல்லை. யார் வீட்டு வாசலைத் திறப்பது, திறந்த வாசலை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

முதலில் இந்த வகுப்பு ஏன் முக்கியம் என்று நினைவுபடுத்தணும். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கோயில் கதவு மூடினப்போ, பிள்ளைகளுக்குப் பாடம் விட்டுப்போகக் கூடாதேன்னு போனில் ஆரம்பிச்சது. கோயில் திறந்ததும் உள்ளூர்ப் பிள்ளைகள் மண்டபத்துக்குத் திரும்பிட்டாங்க. ஆனா நடுவில் போனில் வந்து சேர்ந்தவங்க பலரால் மண்டபத்துக்கு வரவே முடியாது. தோட்டத்தை விட்டு மகன் வீட்டோடு ஜொகூர் போயிட்ட பாட்டிமார், படுக்கையில் இருக்கிற ஒரு தாத்தா, ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸில் வரும்போதே காதில் மாட்டிக் கேட்கிற அக்காமார், பக்கத்தில் சமய வகுப்பே இல்லாத ஊர்ப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் சிலர் மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பயிற்சி எடுப்பதே இந்த வகுப்பில்தான். மண்டபம் நல்லா நடக்குதே, போன் வகுப்பு எதுக்குன்னு கேட்கிறவங்க இவங்களை ஒரு தடவை மனசில் வச்சுக்கிட்டுக் கேளுங்க.

இதுவரை இலவசச் செயலிகளை மாத்தி மாத்தி ஓட்டினோம். ஒன்றில் 40 நிமிஷத்தில் கூட்டம் தானா முடியும். பதிகத்தின் நடுவில் எல்லாரும் வெளியே வந்து விழுவோம், மறுபடி லிங்க் அனுப்பி ஆளைக் கூட்டுறதுக்குள்ள பாட்டிமார் படுக்கப் போயிடுவாங்க. வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேருக்கு மேல் சேர முடியாது. நம்ம வகுப்பு நல்ல நாளில் 40 தாண்டும். இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை ஸ்ருதிப் பெட்டி. இந்தச் செயலிகள் மீட்டிங் பேசுறதுக்காகச் செய்தவை. ஒரே மாதிரி நின்று ஒலிக்கிற எதையும் ஏர்கான் சத்தம், ஃபேன் சத்தம் மாதிரி நினைச்சு வெட்டிடும். ஸ்ருதி போயிடும். ஓதுவார் ஐயா ஒரு சுரத்தில் நிறுத்தி இழுத்தால் அந்த இழுப்பும் பாதியில் தேயும். பண்ணைச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் இழுப்பு கேட்கலைன்னா மிச்சம் என்ன இருக்கு? வெறும் வரிகளைப் புத்தகத்திலேயே படிச்சுக்கலாமே.

அதனால்தான் மம்பிள் என்கிற மென்பொருளைப் பார்த்தோம். 2005 முதல் இருக்கு, இலவசம், யாரும் தங்கள் சொந்த சர்வரில் போட்டுக்கலாம். கணினி விளையாட்டு விளையாடுற பசங்க ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ளப் பிரபலமானது. (தேவாரத்துக்கா கேம் சாஃப்ட்வேர் என்று ஒரு மாமா முகத்தைச் சுளிச்சார். மைக் கூடத்தான் சினிமாப் பாட்டுக்கும் பயன்படுது, மாமா.) வீடியோ கிடையாது, குரல் மட்டும். ஓதுவார் ஐயாவின் கணினியில் இரைச்சல் நீக்கியை அணைச்சுட்டால் ஸ்ருதி முழுசா வரும். ஓப்பஸ் என்கிற ஒலிச்சுருக்க முறையில் போவதால் டேட்டாவும் ரொம்பக் குறைவு: விநாடிக்கு 40 கிலோபிட் வச்சுப் பார்த்தோம், ஒரு மணி நேரம் கேட்டால் 20 எம்பி வாக்கில்தான் ஆகும். ப்ரீபேய்ட் போன் வச்சிருக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம். வீடியோ என்றால் இதுபோல் பத்து மடங்குக்கு மேல் போகும்.

இனி ரௌட்டர் கதைக்கு வருவோம். இதைப் புரிஞ்சுக்கிட்டால் மற்றது தானா விளங்கும்.

நம்ம வீட்டுக் கணினிக்கும் போனுக்கும் இணையத்தில் நேரடி முகவரி கிடையாது. வீட்டுக்குள்ளே 192.168 என்று தொடங்கும் ஒரு உள்முகவரி மட்டும் இருக்கும். அது உங்க வீட்டிலும் இருக்கும், எதிர் வீட்டிலும் இருக்கும், ஆயிரம் வீட்டில் இருக்கும். வெளியுலகத்துக்குத் தெரிவது ரௌட்டரின் ஒரே ஒரு முகவரிதான். கொண்டோ வாசலில் இருக்கிற ஜாகாவை நினைச்சுக்குங்க. உள்ளேயிருந்து நீங்க சாப்பாடு ஆர்டர் பண்ணினா, கொண்டுவர்ற பையனை ஜாகா உங்க வீட்டுக்கு அனுப்பிடுவார், ஏன்னா நீங்க சொல்லி வச்சிருக்கீங்க. சொல்லாம ஒருத்தர் வந்து நின்னா, எந்த வீட்டுக்குன்னு ஜாகாவுக்கே தெரியாது. திருப்பி அனுப்பிடுவார். ரௌட்டரும் அதேதான். உள்ளேயிருந்து வெளியே போன தொடர்புக்குப் பதில் வந்தால் விடும். வெளியிலிருந்து புதுசா வர்றதை விடாது.

கேட்கிறவங்களுக்கு இதனால் ஒரு சிரமமும் இல்லை. அவங்க போன்தான் சர்வரைத் தேடி வெளியே போகுது. பதில் அதே வழியா உள்ளே வருது. சில விநாடிக்கு ஒரு முறை செயலி 'நான் இருக்கேன்' என்று ஒரு சின்னத் தகவல் அனுப்பிக்கிட்டே இருக்கும், அதனால் ஜாகாவும் மறக்க மாட்டார். ஆனா சர்வரே ஒரு ரௌட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால்? நாற்பது பேரும் சொல்லாமல் வந்து வாசலில் நிற்கிற ஆட்கள். ஒருத்தரும் உள்ளே போக முடியாது. அதுக்காகத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்று ஒன்று செய்வாங்க: 64738 என்ற எண்ணில் யார் வந்தாலும் ஆபீஸ் கணினிக்கு அனுப்பு என்று ரௌட்டரில் எழுதி வைப்பது. மம்பிளுக்கு வழக்கமான எண் அது. டிசிபி, யூடிபி ரெண்டுக்கும் எழுதணும். சர்வர் கணினியின் உள்முகவரி மாறாமல் கட்டி வைக்கணும். இணைப்பு விட்டு வந்தால் வெளிமுகவரி மாறும் என்பதால், அதைப் பின்தொடர ஒரு பெயர்ச்சேவையும் வேணும்.

இதெல்லாம் எங்களுக்குச் செய்யத் தெரியும். ஆனா செய்றதுக்கு முன்னாடி ஆபீஸ் ரௌட்டரைத் திறந்து அதன் வெளிமுகவரியைப் பார்த்தோம். 100.64 என்று தொடங்கும் ஒரு எண். விஷயம் தெரிஞ்சவங்களுக்கு இதுவே போதும். 100.64-லிருந்து 100.127 வரையுள்ள முகவரிகள் 2012-ல் ஒரு தனிக் காரியத்துக்காக ஒதுக்கப்பட்டவை: இணைய நிறுவனங்கள் பல வீடுகளைச் சேர்த்து ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைப்பதற்கு. பழைய முறையில் மொத்த முகவரியே 429 கோடி சொச்சம்தான். உலக இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. நம்ம ஆசிய பசிபிக் வட்டாரக் கையிருப்பும் அதே ஏப்ரலில் கடைசிப் பங்குக்கு வந்துட்டது. பகிர்ந்து கொடுக்கிறதைத் தவிர நிறுவனங்களுக்கு வேற வழி அதிகம் இல்லை. அதாவது நம்ம கொண்டோ ஜாகாவுக்கு மேலே, தாமான் வாசலிலேயே இன்னொரு ஜாகா இருக்கார். நம்ம ஜாகாவிடம் ஆயிரம் சொல்லி வைக்கலாம். தாமான் ஜாகாவிடம் சொல்ல நமக்கு அதிகாரமே இல்லை. போர்ட் ஃபார்வர்டிங் எழுதி என்ன புண்ணியம்? ஆளே நம்ம வாசல் வரை வந்து சேராது.

நிறுவனத்திடம் கேட்டு மாசம் கூடுதல் கட்டி நிலையான பொதுமுகவரி வாங்கலாமே என்றார் பொருளாளர் அண்ணன். நியாயமான கேள்வி. வாங்கலாம். ஆனா அப்போதே 'செலவே இல்லை' என்ற பேச்சு போயிடுது இல்லையா? காசு கொடுத்து வாசலைத் திறந்தாலும் அடுத்த தொல்லை இருக்கு. அந்த வாசல் எங்கே திறக்குது? கோயில் ஆபீஸுக்குள்ளே. அதே வலையில் இருக்கிற இன்னொரு கணினியில்தான் உபயகாரர் பட்டியல் இருக்கு, பெயர், ஐசி நம்பர், போன் நம்பர், யார் எவ்வளவு கொடுத்தாங்க எல்லாம். சிசிடிவி பெட்டியும் அங்கேதான். பழைய கணினியில் ஒரு ஓட்டை இருந்தால், உள்ளே வந்தவன் தேவாரம் கேட்டுட்டுப் போகப் போறதில்லை. ஆபீஸ் ரௌட்டருக்குக் கடவுச்சொல் என்னன்னு பெட்டியின் அடியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அதை மாத்தச் சொல்லி ரெண்டு கூட்டத்தில் சொல்லியாச்சு. இந்த நிலைமையில் தெருவைப் பார்த்து ஒரு கதவு திறக்க எங்களுக்கு மனசு வரலை.

ஊர் நிலவரத்தையும் பாருங்க. இடி இடிச்சா மோடம் வயரைப் பிடுங்குற ஊர் இது. பிடுங்கலைன்னா மறுநாள் புது மோடம். நடை சாத்தினதும் காவல் பார்க்கிற அண்ணன் மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் போவார். கரண்ட் பில்லுக்காக நிர்வாகம் சொன்னதைத்தான் அவர் செய்றார், அவர்மேல் குற்றம் இல்லை. ஆனா அதோடு சர்வரும் போயிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல ரௌட்டர்களில், உள்ளே இருக்கிற ஆள் வெளிமுகவரியைப் போட்டு அதே வீட்டுக்குள் திரும்பி வர முடியாது. ஓதுவார் ஐயா மண்டபத்திலிருந்து கோயில் வைஃபையில்தான் பாடுறார். பத்தடி தூரத்தில் இருக்கிற சர்வரை ஐயாவால் பிடிக்க முடியாமல் ஜொகூர் பாட்டி மட்டும் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

இதுக்கெல்லாம் மாற்று வைத்தியம் உண்டுன்னு எங்களுக்கும் தெரியும். விபிஎன் போடலாம், சுரங்கப்பாதை மாதிரி ஒன்று போட்டு வெளியே எடுக்கலாம். ஐபிவி6 வந்தாச்சே, முகவரித் தட்டுப்பாடே இல்லையே என்று ஒரு தம்பி கேட்டான். சரிதான், ஆனா நம்ம வகுப்பில் எல்லார் இணைப்பிலும் அது இல்லை. இருந்தாலும் வெளியிலிருந்து வர்றதை ரௌட்டரின் தடுப்பு நிறுத்தத்தான் செய்யும். விபிஎன் என்றால் ஒவ்வொரு பாட்டி போனிலும் இன்னொரு செயலி, இன்னொரு கடவுச்சொல். இந்த இடத்தில் எங்கள் நிலைப்பாடு கொஞ்சம் கறாரானது: வகுப்பு கேட்க வர்றவங்களிடம் ரௌட்டர், போர்ட், விபிஎன் என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாற்பது வீட்டு ஜாகாவோடு நாற்பது பேர் மல்லுக்கட்டுவதைவிட, ஜாகாவே இல்லாத ஒரு பொது இடத்தில் சர்வரை வச்சுட்டால் வேலை முடிஞ்சது.

அந்தப் பொது இடம்தான் வாடகைச் சர்வர். ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் பெரிய கணினியின் ஒரு சின்னப் பங்கு. அதுக்கென்று சொந்தப் பொதுமுகவரி. இடி, கரண்ட் எல்லாம் அவங்க பாடு. குரல் மட்டும் என்பதால் ஒரு ஜிபி நினைவகமே தாராளம். நாற்பது பேர் கேட்டாலும் வெளியே போகிற அளவு விநாடிக்கு ரெண்டு மெகாபிட்டைத் தாண்டாது. சிங்கப்பூரில் இருக்கிற ஒரு சர்வரை எங்கள் கைக்காசில் எடுத்து மூன்று வியாழன் சோதிச்சோம். மாதம் 25 வெள்ளி வாக்கில் வந்தது. வருஷத்துக்கு 300 வெள்ளி. வெள்ளிக்கிழமை மாலைகளுக்கு நாம் கொடுக்கிற கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்க, வேற எதுவும் சொல்ல வேண்டாம்.

சோதனை எப்படிப் போச்சு? சர்வர் போடுறதுக்கு ஒரு மணி நேரம் ஆகலை. ஆட்களைச் சேர்க்கத்தான் ரெண்டு வாரம் ஆச்சு. செயலியை இறக்கணும், முகவரி எழுதணும், பெயர் போடணும். ஒரு லிங்க்கைத் தட்டினா போதும் என்கிற சுகம் இதில் இல்லை, அதை ஒத்துக்கிறோம். அந்தச் சுகத்துக்கு ஜிட்சி இருக்கு, அதுவும் இலவச மென்பொருள்தான்; ஆனா அதுக்கு இதைவிடப் பல மடங்கு பெரிய சர்வர் வேணும், பழைய போன்கள் சூடாகிடும். நிர்வாகக் கூட்டத்துக்கு வேணும்னா அதைப் பிறகு பார்க்கலாம். வகுப்புக்கு இது போதும். பாட்டிமார் போனில் பேரப்பிள்ளைகள் ஒரு தடவை போட்டுக்கொடுத்தாங்க. அதுக்கப்புறம் ஒரு தட்டுதான்.

தொழிற்சாலை ஹாஸ்டலில் தங்கியிருக்கிற ஒரு தம்பிக்கு மட்டும் குரல் விட்டு விட்டு வந்தது. அந்த வைஃபையில் யூடிபியை அடைச்சு வச்சிருக்காங்க. யூடிபி சாதாரணத் தபால் மாதிரி, ஒன்று தொலைஞ்சா தொலைஞ்சதுதான், அடுத்தது வந்துடும்; குரலுக்கு அதுதான் நல்லது. டிசிபி பதிவுத் தபால், தொலைஞ்சதை மறுபடி அனுப்பும் வரை பின்னால் வர்றதெல்லாம் காத்திருக்கும். யூடிபி கிடைக்கலைன்னா மம்பிள் தானாகவே குரலை டிசிபி வழியா அனுப்பிடும், அதனால் தம்பியால் கேட்கவாவது முடிஞ்சது. கல்லூரி வைஃபை சிலவற்றில் 64738 என்ற எண்ணையே விடாது. சர்வரை 443 என்ற எண்ணுக்கு மாத்தினால் பெரும்பாலும் போகும், ஏன்னா பாதுகாப்பான இணையப் பக்கங்கள் எல்லாம் போற வழி அது. சர்வர் நம்ம கையில் இருந்தால் இந்த மாதிரி மாத்திக்கலாம்.

ஒன்று மட்டும் எந்தச் சர்வராலும் ஆகாது: எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் பாடுறது. ஒவ்வொருத்தர் குரலும் போய் வர ஒவ்வொரு அளவு தாமதம் ஆகும், கேட்டால் சந்தைக்கடை. அதனால் ஐயா ஒரு வரி பாடுவார், எல்லாரும் மைக்கை அணைச்சு அவங்கவங்க வீட்டில் திருப்பிப் பாடுவாங்க, பிறகு ஒருத்தரைப் பேர் சொல்லி அழைச்சுப் பாடச் சொல்வார். மற்றவங்க மைக்கை சர்வரிலேயே அடைச்சு வைக்க முடியுது. வாணலியில் தாளிக்கிற சத்தம், பக்கத்து வீட்டு நாய், எதுவும் வராது. மூன்றாவது வாரம் படுக்கையில் இருக்கிற தாத்தா முறை வந்தது. ஒரு பதிகம் முழுசும் நிறுத்தாமல் பாடினார். ஸ்ருதி ஒரு இடத்திலும் விலகலை. ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசலை, பிறகு "இன்னொரு தடவை பாடுங்க" என்றார்.

கடைசியா சாவி விஷயம். இதில்தான் நிர்வாகத்தோடு நாங்கள் உண்மையிலேயே மல்லுக்கு நிற்கப் போறோம், முன்கூட்டியே சொல்லிடுறோம். இப்போ அந்தச் சோதனைச் சர்வர் எங்களில் ஒருத்தர் பெயரில், அவர் வங்கி அட்டையில் இருக்கு. இது அப்படியே நிற்கக் கூடாது. எத்தனை கோயில் ஃபேஸ்புக் பக்கத்துக்குச் சாவி, கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போன ஏதோ ஒரு தம்பியிடம் மாட்டிக்கிட்டிருக்குன்னு உங்களுக்கே தெரியும். நிர்வாகம் மாறும்போது உண்டியல் சாவியை எண்ணி, கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறோம். சர்வருக்கும் அதுதான் முறை. கணக்கு கோயில் பெயரில், கோயில் மின்னஞ்சலில் இருக்கணும். மம்பிளின் சூப்பர்யூசர் கடவுச்சொல்லும் சர்வரின் கடவுச்சொல்லும் எழுதி, உறையில் ஒட்டி, பெட்டகத்தில் வைக்கணும். செயலாளரும் பொருளாளரும் கையெழுத்துப் போடணும். எப்படிப் போட்டோம் என்பதை நாலு பக்கத்தில் தமிழில் எழுதியாச்சு. எங்களில் யாரும் இல்லாவிட்டாலும் அடுத்து வர்ற பிள்ளை அதைப் படிச்சு மறுபடி போட முடியணும். வகுப்பில் சேர்வதற்கான கடவுச்சொல்லை ஃபேஸ்புக்கில் போடாதீங்க. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும். புது ஆள் வந்தால் அக்காமாரில் ஒருத்தர் பேசிச் சேர்த்துக்குவாங்க.

ஆபீஸ் கணினியைக் கொடுத்த அன்பர் மனசு வருத்தப்படக் கூடாது. அது நல்ல கணினி. மண்டபத்தில் ஐயா பாடுறதுக்கு அதைத்தான் வைக்கப் போறோம், நல்ல மைக் ஒன்று மாட்டி. வெளியே போய்ப் பேசுற கணினிக்கு ஒரு ஜாகாவும் குறுக்கே வரமாட்டார்.

பொதுக்கூட்டத்தில் நாங்கள் கொண்டுவரும் தீர்மானம் ரெண்டு வரிதான்: ஆண்டுக்கு 300 வெள்ளி சர்வர் வாடகைக்கு ஒதுக்குவது, கணக்கைக் கோயில் பெயருக்கு மாற்றுவது. வாக்களிக்க உரிமை உள்ளவங்க சந்தாவைக் கூட்டத்துக்கு முன்னாடியே கட்டிடுங்க, போன வருஷம் மாதிரி வாசலில் நின்னு தேடாதீங்க. அதுவரைக்கும் வியாழன் வகுப்பு சோதனைச் சர்வரிலேயே நடக்கும். போனில் செயலி போடத் தெரியலைன்னா ஞாயிறு காலை பூசை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்துப் பக்கம் வாங்க, நாங்க ரெண்டு பேராவது அங்கே இருப்போம். சார்ஜரும் கையோடு கொண்டுவாங்க.

திருச்சிற்றம்பலம்.